விலை ஏன் குறைவு?

(சென்னைப் புறநகர் ரயில் பாதையில் உள்ள ஓர் ஊரின் நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள், சொந்த வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்று நூலகர் சொன்னார். தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு என்று ஏதாவது ஒரு ஸ்டேஷனை மனதில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைகிறீர்கள். வேலை நகரத்தில். நகரத்துக்குள் வாங்கக் கட்டுப்படியாகாது. அடுக்குமாடியில் ஒரு பிளாட் வாங்க மனம் ஒப்பவில்லை. தனி மனை வாங்கிக் கட்டலாம் என்றால் கையிருப்பு போதவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று கண்ணில் படுகிறது: வரிசையாக ஆறு வீடு, எட்டு வீடு; ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை; கீழே ஒரு ஹால், சமையலறை, மேலே இரண்டு படுக்கையறை, வாசலில் ஒரு கார் நிற்கும் இடம். 'ரோ ஹவுஸ்' என்று விளம்பரப் பலகையில் போட்டிருக்கிறார்கள். இந்த வீட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகும் தெரிந்தவர்கள் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள், படித்துச் சொல்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீடுகளுக்கு நான் எதிரி இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வீடு இது என்றே நினைக்கிறேன். ஆனால் எந்த வீடும் காரணமில்லாமல் மலிவாகக் கிடைக்காது. அந்தக் காரணம் நேர்மையானதாகவும் இருக்கலாம், மறைக்கப்பட்டதாகவும் இருக்கலாம். ஊர் தூரம், மனை சிறிது, சுவர் பொது என்ற மூன்றும் நேர்மையான காரணங்கள். ஏரிக்குள் இருக்கிறது, அடுத்தவர் நிலத்தில் இருக்கிறது, தண்ணீர் இல்லை என்பவை மறைக்கப்படும் காரணங்கள். 'விலை ஏன் குறைவு?' என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை நீங்களே சரிபாருங்கள். இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

முதலில் பணம். ஐம்பது லட்சம் ரூபாய் வீடு என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கடன் தொகை 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால், சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக 40 லட்சம் கடன், 10 லட்சம் உங்கள் கையிலிருந்து. இதோடு முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முத்திரைத்தாள் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஐம்பது லட்சத்துக்கு நாலரை லட்சம். இதை வங்கி சொத்து மதிப்பில் சேர்க்காது. 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. அதைக் குறைத்தபோதே வழிகாட்டி மதிப்பை 2017 ஜூனில் குறைப்பதற்கு முன் இருந்த அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். 'பதிவுக் கட்டணம் பாதியாகிவிட்டது' என்று புரோக்கர் சொன்னால் இந்த இரண்டாவது பாதியையும் நினைவில் வையுங்கள். கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால் 5 சதவீதம். 45 லட்சத்துக்கு மேற்படாத சிறிய வீடுகளுக்கு 1 சதவீதம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு வாங்குகிற உங்களுடையது. பலர் இதை மறந்துவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு ஆடிட்டரைத் தேடுகிறார்கள்.

நாற்பது லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். முதல் மாதத் தவணையில் 28,000-க்கு மேல் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது ஆறாயிரத்துச் சொச்சம். ஐந்து வருஷம் ஒழுங்காகக் கட்டி, ஏறக்குறைய 21 லட்சம் கொடுத்த பிறகும் பாக்கி அசல் 35 லட்சத்துக்குக் குறையாது. தவணை கொஞ்சம் குறையட்டுமே என்று 30 வருஷத்துக்குப் போட்டால் மாதம் நாலாயிரம் ரூபாய் குறையும். மொத்த வட்டியில் 27 லட்சம் கூடும். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சம்பளம் உயர உயர வருஷத்துக்கு ஒரு தவணையாவது கூடுதலாகக் கட்டுங்கள், அதுவும் முதல் சில வருஷங்களில் கட்டுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கும் தனிநபரிடம் வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது. இந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு.

இனி தூரம். சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. அந்த ரயில்தான் மாம்பலத்தையும் சைதாப்பேட்டையையும் குரோம்பேட்டையையும் வளர்த்தது. இன்று அதே வேலையைத் தாம்பரத்துக்குத் தெற்கே செய்துகொண்டிருக்கிறது. கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர். சாதாரண லோக்கலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். 2025 ஏப்ரலில் இதே தடத்தில் ஏ.சி. மின்சார ரயிலும் வந்துவிட்டது. சீசன் டிக்கெட் இன்னமும் மலிவுதான். ஆகவே போக்குவரத்துச் செலவு குறைவு என்று கணக்குப் போட்டுவிடுகிறோம்.

பணத்தில் குறைவுதான். மணியில் போட்டுப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை இரண்டு மணி நேரம் என்றால் போக வர நாலு மணி. மாதம் 25 நாள் வேலை என்றால் 100 மணி நேரம். இருபது வருஷத் தவணை முடியும்வரை இந்த நூறு மணியும் உண்டு. மலிவு விலையின் ஒரு பகுதியை நீங்கள் இப்படித்தான் கட்டுகிறீர்கள். இது நேர்மையான காரணம்தான். ஆனால் நூறு மணியைக் கட்டுவது யார் என்று வீட்டுக்குள் பேசியிருக்கிறீர்களா? பெரும்பாலும் கணவரின் அலுவலகத்தை மனதில் வைத்து வீடு பார்க்கப்படுகிறது. மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால் அவருடைய நாள் விடியற்காலை நாலரைக்கு அடுப்படியில் தொடங்குகிறது; இரவு எட்டரைக்கு ஸ்டேஷனில் இறங்கி, இருட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து, வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்படி. இந்த வீடு யாருடைய தூக்கத்தைத் தின்று கட்டப்படுகிறது என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும். வேலையை மாற்றிக்கொள்ளப்போவது யார், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப்போவது யார், வயதான பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகப்போவது யார் என்று எல்லாவற்றையும் பேசுங்கள்.

'ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று பலகையில் இருக்கும். அது ஞாயிறு காலை காரில் வரும் ஐந்து நிமிடம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த இடத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வாருங்கள். லெவல் கிராசிங் இருந்தால் கேட் மூடியிருக்கும்போது வாருங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் இடம் கிடைக்கிறதா பாருங்கள். இரவு ஒன்பதரைக்கு இறங்கி, அங்கிருந்து போக பஸ் உண்டா, விளக்கு எரிகிறதா, வழியில் நடமாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மகளையோ மனைவியையோ உடன் அழைத்து வந்து, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

வரப்போகிற திட்டங்களுக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ கொண்டுவர ஒரு திட்டம் இருக்கிறது. ஓடும் தேதி தெரியாத ரயிலுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூட்டிக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்டுவிட்டது. அது கண்ணெதிரே இருக்கிறது, அதற்கு மதிப்பு உண்டு. அதே போல் ஒரே ஒரு தொழிற்சாலையை நம்பியும் வீடு வாங்காதீர்கள். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. அந்த ஆலையின் வேலையை நம்பிக் கடன் வாங்கியவர்களுக்குத் தவணை நிற்கவில்லை.

இப்போது சுவருக்கு வருகிறேன். எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது இதுதான், சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

சுவர் ஒட்டிய வீடு நமக்குப் புதிது இல்லை. காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களைப் பாருங்கள், காவிரிக் கரை அக்கிரகாரங்களைப் பாருங்கள். குறுகிய வாசல், நீளமான வீடு, இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அந்த வீடுகளின் பழைய பத்திரங்களைப் படித்திருக்கிறேன். நான்கு எல்லை எழுதும்போதே 'இன்னார் வீட்டுப் பொதுச்சுவருக்குக் கிழக்கு' என்று எழுதுவார்கள். பிறகு 'பொதுச்சுவரில் பாதி பாத்தியம், கிணற்றில் பாத்தியம், நடைபாதை பாத்தியம்' என்று வரிசையாக வரும். எழுதியவர் ஊர்ப் பத்திர எழுத்தர். இரண்டு குடும்பம் நூறு வருஷம் ஒரு சுவரை வைத்துக்கொண்டு சண்டை போடாமல் இருக்க என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய ரோ ஹவுஸ் பத்திரங்களில் பாதிக்கு மேல் இந்த வரி இருப்பதில்லை. சதுர அடி இருக்கிறது, கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி இருக்கிறது; சுவர் யாருடையது என்று இல்லை. என்ன நடக்கும்? மூன்றாவது வருஷம் மழைக்காலத்தில் உங்கள் மாடிப் படுக்கையறையின் மேல் மூலையில் ஈரம் பூக்கும். பெயின்ட் கொப்பளிக்கும், பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும். காரணம் உங்கள் வீட்டில் இருக்காது. உங்கள் மொட்டைமாடித் தளமும் பக்கத்து வீட்டுத் தளமும் சேருமிடத்தில் கைப்பிடிச் சுவருக்கு அடியில் மயிரிழை விரிசல் இருக்கும்; அல்லது அந்தப் பக்கக் குளியலறைக்காரர் பொதுச்சுவரில் காடி வெட்டிக் குழாய் பதித்திருப்பார், அந்த இணைப்பில் சொட்டும். சரிசெய்ய அவர் வீட்டு டைல்ஸை உடைக்க வேண்டும். அவர் சம்மதிக்க வேண்டும். அவர் வெளிநாட்டில் இருப்பார், வீட்டில் வாடகைக்காரர் இருப்பார். எந்தப் பத்திரத்திலும் ஒரு வரி இல்லாததால் யாரிடமும் எதையும் காட்டிக் கேட்க முடியாது.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவரா, ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சுவர் எழுப்பி நடுவில் இடைவெளி விட்டு மூடியிருக்கிறார்களா என்பது. தனித்தனிச் சுவர், தனித்தனித் தூண் என்றால் விலை கொஞ்சம் கூடும், கொடுக்கலாம். நாளை நீங்கள் மேலே ஓர் அறை எடுக்கவும், முப்பது வருஷம் கழித்து இடித்துக் கட்டவும் அதுதான் வசதி. ஒரே சுவர், தூணும் உத்தரமும் பொது என்றால் இடித்துக் கட்டுவது உங்கள் ஒருவர் கையில் இல்லை. அப்படியிருந்தாலும் வாங்கலாம். ஆனால் கிரயப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள்: சுவரில் இருவருக்கும் சமபாத்தியம், அதில் யாரும் காடி வெட்டிக் குழாய் பதிக்கக் கூடாது, தளம் சேருமிடத்தில் பழுது வந்தால் செலவு சரிபாதி, பழுது பார்க்க உள்ளே வர மற்றவர் அனுமதிக்க வேண்டும். நாலே வரி. ஒரே வார்த்தைகளில் எல்லா வீட்டுப் பத்திரத்திலும் வர வேண்டும். நல்ல பில்டர் மறுக்க மாட்டார்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது மாடிக்கும் படிக்கட்டுக்கு அடியிலும் போய்ப் பாருங்கள். சுவரின் கீழ் மூன்றடிக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் கை வைத்துப் பாருங்கள், ஓதம் தெரியும். வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் தரையில் எத்தனை மூடிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். முக்கால் கிரவுண்டுக்கும் குறைவான மனையில் நல்ல தண்ணீர்ச் சம்பும் செப்டிக் டேங்கும் அந்தப் பத்தடி இடத்துக்குள்ளேயே வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர் இருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் இது குழந்தைகளின் வயிற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம். சம்பு ஒரு பக்கம், டேங்க் மறுபக்கம் என்று இருக்கும் வரிசையைத் தேர்ந்தெடுங்கள். கழிவு லாரி உள்ளே வந்து திரும்ப வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிலம் யார் பெயரில் வருகிறது என்பதில் இரண்டு வகை உண்டு. சிலர் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மனை பிரித்து, நான்கு எல்லையோடு எழுதிக் கொடுப்பார்கள். தனிப் பட்டா வாங்கலாம். சிலர் பார்ப்பதற்குத் தனி வீடு மாதிரிக் கட்டி, பத்திரத்தில் அடுக்குமாடி மாதிரிப் 'பிரிபடாத பாகம்' என்று எழுதுவார்கள். அப்போது உங்கள் வாசல் படி கூடச் சட்டப்படி எல்லோருடையதும்தான். மேலே ஒரு அறை கட்ட வேண்டுமென்றால் மொத்த மனைக்கும் அனுமதித்த கட்டடப் பரப்பில் மீதி இருக்கிறதா, மற்றவர்கள் சம்மதிக்கிறார்களா என்ற கேள்வி வரும். பிரிபடாத பாகம் தப்பில்லை. பிரிபடாத பாகத்தைத் தனி மனை விலைக்கு வாங்குவதுதான் தப்பு.

ஆவணங்களைப் பற்றிப் பலர் பலமுறை சொல்லிவிட்டார்கள், வேகமாகச் சொல்லிப் போகிறேன். தாய்ப் பத்திரத்திலிருந்து தொடர் அறுபடாமல் வர வேண்டும். முப்பது வருஷத்துக்காவது வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். லேஅவுட் அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு, இரண்டும் வேண்டும். அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதற்குப் பிறகு வந்த வரன்முறைத் திட்டத்தில் முறைப்படுத்தப்பட்ட மனை என்றால் அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமும் எட்டு வீட்டுக்கு மேலும் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். எட்டெட்டாகப் பிரித்துக் கட்டித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு, எல்லாக் கட்டங்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பதிவு செய்த திட்டத்தில், பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டுமானக் குறை தெரிந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷம் வரை பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். நான் சொன்ன மூன்றாவது வருஷத்து ஈரத்துக்கு இந்தப் பிரிவு உதவும். கடிதமாக எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

வேகமாகச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. நாம் இருப்பது ஏரி மாவட்டம். செங்கல்பட்டுக்கு வரும் ரயில் கொளவாய் ஏரிக்கரையை ஒட்டித்தான் நுழைகிறது. இந்தப் பகுதியின் ஏரிகள் ஒன்றுக்கொன்று தொடர்பு உள்ளவை. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து வாய்க்காலில் இறங்கிக் கீழ் ஏரிக்குப் போகும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் முதல் மாடி வரை மூழ்கின. தண்ணீர் தன் பழைய வழியில்தான் போனது. அந்த வழியில் நாம் வீடு கட்டியிருந்தோம்.

எனவே வீடு பார்க்கும் பருவம் கார்த்திகை. பங்குனியில் எல்லா மனையும் மேட்டு மனையாகத்தான் தெரியும். புல வரைபடத்தை வாங்கி, வாய்க்கால் கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பக்கத்துக் கிராமத்துப் பழைய வீடுகள் எவ்வளவு உயரத்தில் கட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். அந்த மக்கள் எந்த இடத்தில் குடியிருக்காமல் விட்டார்களோ அந்த இடத்தில்தான் உங்கள் லேஅவுட் இருக்கிறது என்றால், ஏன் விட்டார்கள் என்று டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேளுங்கள். அவர் சொல்லுவார், அவருக்குக் கமிஷன் கிடையாது. கோடையில் தண்ணீர் எப்படி என்றும் அவரிடமே கேளுங்கள். இங்கே நிலத்தடியில் பாறை. ஒரு மனையில் ஊறும், அடுத்த மனையில் ஊறாது. போர் எத்தனை அடி, சித்திரையில் டேங்கர் வாங்குகிறார்களா, குடிநீர்க் குழாய் இணைப்பு வந்துவிட்டதா இல்லை தெருவோடு நிற்கிறதா என்பதெல்லாம் குடியிருப்பவர்களிடம்தான் தெரியும்.

அடுத்தது பஞ்சமி நிலம். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர், இந்த மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் நிலமில்லாமல் படும் துன்பத்தை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவாக 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் எனப்படும் அந்த நிலத்தை அவர்கள் சமூகத்தைச் சாராத எவருக்கும் விற்க முடியாது என்பது நிபந்தனை. மிரட்டியும் ஏமாற்றியும் பெருமளவு கைமாறிவிட்டது. 1994 அக்டோபரில் மாமல்லபுரத்துக்கு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்களில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நூறாண்டு கழித்தும் அந்தப் பூமிக்காக இரத்தம் சிந்தப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட நிலம் நாலைந்து கைமாறி, சமன் செய்யப்பட்டு, அழகான நுழைவாயிலோடு உங்களிடம் வரலாம். வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். ஆதியில் யாருக்கு, எந்த நிபந்தனையோடு ஒப்படை செய்யப்பட்டது என்று தாலுகா அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். சட்டப்படி அந்தக் கிரயம் செல்லாது, உங்கள் பணம் போகும் என்பது ஒரு பக்கம். அது போகாவிட்டாலும் வாங்கக் கூடாது என்பதே என் கட்சி. நிலமில்லாத ஒரு குடும்பத்துக்குச் சேர வேண்டிய இடத்தில் மலிவாக வீடு கிடைத்தது என்று நாம் சந்தோஷப்பட முடியாது.

கடைசியாக ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊர்கள் சென்னைக்குப் போய் வருகிறவர்கள் தூங்குவதற்காக உண்டானவை இல்லை. இங்கே தேர் ஓடுகிறது, வாரச் சந்தை கூடுகிறது, ஏரிப் பாசனத்தில் இன்னமும் நெல் விளைகிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022-ல் அரசு ஆணை போட்டது. ஒரு கையெழுத்தில் எத்தனையோ கிராமங்கள் பெருநகரத்துக்குள் வந்துவிட்டன. வந்து குடியேறும் நாம் சுற்றுச்சுவருக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, வாக்காளர் பட்டியலில் பெயரைப் பழைய முகவரியிலேயே விட்டுவிட்டு, ரோடு சரியில்லை என்று குறை சொல்கிறோம். லேஅவுட் ரோடுகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் அவை உள்ளாட்சியின் ரோடுகள். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பூங்கா பக்கத்துத் தெருக் குழந்தைகளுக்கும் உரியது. அங்கே கேட் போட்டுப் பூட்ட நமக்கு உரிமை கிடையாது.

வீடு வாங்கியவர்களுக்கு என் வேண்டுகோள்: வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றுங்கள். ஊராட்சியில் இருந்தால் கிராம சபைக்குப் போங்கள். வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் கூடுவதும் அதில் ஒன்று. உங்கள் பகுதி ஏரியின் கலங்கலையும் வரத்து வாய்க்காலையும் தூர்வாரத் தீர்மானம் கொண்டுவர வேண்டிய நாள் அது.

இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்கு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் பத்திர நகல், புல வரைபடம், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த நூலகத்துக்கு வாருங்கள். பணம் எதுவும் வேண்டாம். உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.